பல்லக்காவும் கோணமுடி ராஜாவும்

அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் செய்கிற அக்கா, அதனால் பல்லக்கா. ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலை ஒட்டி நீள மேஜை போட்ட அறையில், இருபத்தேழு வருஷமாக அவள் பல் செட் செய்துகொண்டிருந்தாள். கீழே டாக்டரம்மா நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். பல்லக்கா அதில் பிளாஸ்டர் மாவை ஊற்றி அச்செடுப்பாள். மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கிக் கீழே அனுப்புவாள்.

நோயாளிகளை அவள் பார்ப்பதே அபூர்வம். அவளுக்குத் தெரிந்தது வாய்கள்தான். பழைய செட் ஒன்று ரிப்பேருக்கு வந்தால், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரு தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிற ஆளு" என்பாள். "இந்தம்மா எல்லாத்தையும் இடது பக்கமாவே மெல்லுறாங்க" என்பாள். டாக்டரம்மா விசாரித்தால் அது அப்படியே இருக்கும். அவள் வேலையைப் பற்றிப் பல்லின்மேல் நாக்கைப் போட்டு ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐம்பத்தோராவது வயதில் அவள் மாடிப்படியில் விழுந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய அச்சுகள். வழுக்கியபோது கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு படி உருண்டாள். அச்சு ஒன்றும் உடையவில்லை, கணுக்கால் உடைந்தது. ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அவளும் கணவரும் மகளும்தான். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் போனால் மத்தியானம் ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறுபடி போவார். மகள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். முதல் வாரத்திலேயே பல்லக்காவுக்கு வீடு கசந்துவிட்டது. கை சும்மா இருந்து பழக்கமில்லை. மகளின் பழைய துப்பட்டாக்களை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அம்மா, இதைப் பாரு. நான் ரெண்டு சீசன் பார்த்தேன். அப்புறம் போரடிச்சு விட்டுட்டேன்," என்று மகள் தன் டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

'ஏழு மதில் நாடு' என்று ஒரு கார்ட்டூன் தொடர். ஏழு மதில்களுக்குள் ஏழு சிற்றரசுகள், அவற்றுக்குள் ஓயாத சண்டை. காற்றோடு பேசத் தெரிந்த ஒரு சின்னப் பெண் கதாநாயகி. கறுப்புக் கவசம் போட்ட தளபதி ஒருவன், அழகன், பேசவே மாட்டான். முதல் மூன்று பாகங்களைப் பல்லக்கா அரைத்தூக்கத்தில் பார்த்தாள். நாலாவதில் மூன்றாம் மதிலின் ராஜா வந்தார்.

எண்பது வயதுக் கிழவர். கிரீடம் காதுவரை கோணலாக இறங்கியிருக்கும். அதனால் நாட்டு மக்களே அவரைக் கோணமுடி ராஜா என்பார்கள். போர் மிரட்டலோடு பக்கத்து நாட்டுத் தூதன் சபைக்கு வருகிறான். சிம்மாசனம் காலி. ராஜா ஏணிமேல் ஏறி நின்று வாசல்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். "தம்பி, ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. கதவு கத்துனா எனக்குத் தூக்கம் வராது," என்கிறார். தூதனும் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொள்கிறான். எண்ணெய் விட்டு முடித்ததும் ராஜா கீழே இறங்கி, வாயிலிருந்து தன் மரப்பல் செட்டைக் கழற்றி, தூதனின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேசுகிறார்: "போய்ச் சொல்லு. நாங்க சண்டைக்கு வரலை. ஆனா கதவைத் திறக்கவும் மாட்டோம்."

பல்லக்கா படத்தை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

பொக்கைவாய்க் கிழவன் என்றால் கார்ட்டூனில் ஒரு கறுப்பு ஓட்டையும் அதில் ஒற்றைப் பல்லும் வரைவார்கள். சிரிப்புக்கு அது போதும். இங்கே அப்படி இல்லை. பல்லைக் கழற்றியதும் கன்னம் உள்ளே போனது. மேலுதடு மடங்கி உள்வாங்கியது. தாடை ஏறி மூக்கை நெருங்கியது. குரல் கொடுத்தவரும் லேசுப்பட்டவர் இல்லை: 'த' வர வேண்டிய இடத்தில் நாக்குக்குப் பிடிமானம் கிடைக்காமல் வெறும் காற்று போனது. யாரோ ஒருவர் பல்லில்லாத ஒரு முகத்தின் முன்னால் பல நாள் உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மகள் வந்தபோது அம்மா ஏழாவது பாகத்தில் இருந்தாள்.

"பிடிச்சிருக்காம்மா?"

"அந்த ராஜா மட்டும் வர்ற இடத்தைத் தனியா எடுத்துக் குடுக்க முடியுமா?"

"எந்த ராஜா? அந்த லூசுத் தாத்தாவா?"

"லூசுன்னு சொல்லாத," என்றாள் பல்லக்கா. அவள் குரலைக் கேட்டு மகள் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வாரத்தில் நாலு சீசனையும் முடித்துவிட்டாள். கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் ராஜா அவளை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அச்சு காயக் காத்திருக்கும் நேரத்தில், மேஜையில் போனைச் சாய்த்து வைத்து அவர் வரும் காட்சிகளைப் பார்ப்பாள். வாத்துகளைச் சபைக்கு அழைத்து வந்து அமைச்சர்களுக்கு மேலாக உட்கார வைப்பார். காவல்காரர்களை அவரவர் அம்மாவின் பெயரால் கூப்பிடுவார். அதை மறதி என்று சபை சிரிக்கும். தான் தோற்ற போர்களின் பெயரையெல்லாம் தன் படுக்கையறைச் சுவரில் எழுதி வைத்திருப்பார். ஜெயித்ததை எழுத மாட்டார். பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த மனிதர்மேல் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

இந்தத் தொடரின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. மகள்தான் காட்டிக் கொடுத்தாள். ஆயிரக்கணக்கான பேர் எழுதுவார்கள். முக்கால்வாசி கறுப்புக் கவசத் தளபதியைப் பற்றி. ராஜாவைப் பற்றி யாராவது எழுதினால் கேலியாகத்தான் இருக்கும். தளபதியின் ரசிகை ஒருத்தி 'கறுப்புக் கவசம்' என்ற பெயரிலேயே எழுதுவாள். கூரான எழுத்து. ஒரு நாள் அவள் எழுதினாள்: "கோணமுடி ராஜா இந்தக் கதைக்கு ஒரு பாரம். சிரிப்புக் காட்டவே வைத்திருக்கிறார்கள். முதல் சீசனிலேயே அனுப்பிவைத்திருக்கலாம்."

பல்லக்கா இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மூன்றாம் நாள் பேர் பதிவு செய்தாள். பல்லக்கா என்று கொடுத்தால் அந்தப் பேரை ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். யோசித்து, 'பல்லக்குத்தூக்கி' என்று வைத்தாள். ராஜாவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. நகக்கண்ணில் மாவோடு, ஒற்றை விரலால், மூன்று மத்தியானம் தட்டித் தட்டி எழுதி முடித்தாள்:

"நான் இருபத்தேழு வருஷமாகப் பல் செட் செய்கிறேன். ராஜாவைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள் என்பவர்கள் அவர் வாயைக் கவனிக்கவில்லை. பல் போட்டிருக்கும்போது அவர் சொல்வதெல்லாம் விளையாட்டு, மழுப்பல், பொய்யும்கூட உண்டு. பல்லைக் கழற்றிவிட்டுச் சொன்னால் அது நிஜம். நாலு சீசனில் பதினோரு முறை கழற்றியிருக்கிறார். அந்தப் பதினொன்றும் சொன்னபடியே நடந்திருக்கிறது. காட்சிகளின் பட்டியல் கீழே. வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கவனமாக ஒரு கிழவரின் தாடையை வரைந்தவர்கள் அவரைப் பாரம் என்று நினைத்து வரையவில்லை."

அனுப்பிவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். சாயங்காலம் போனைத் திறந்தால் நானூறுக்கு மேல் பதில்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் காட்சி காட்சியாகப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ராஜாவின் முகத்தைப் பல்லோடும் பல்லில்லாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருந்தார். பல்லக்குத்தூக்கி யார் என்பதுதான் அப்புறம் ஒரு வாரம் பேச்சு. கல்லூரிப் பேராசிரியர் என்றார்கள் சிலர். பல் செய்கிறேன் என்றது சும்மா கதை என்றார்கள் சிலர். கறுப்புக் கவசம் மட்டும் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் ரசிகர் சந்திப்பு என்று அறிவித்தார்கள். நூலகத்தின் மேல்மாடிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பல்லக்குத்தூக்கி வந்து இருபது நிமிஷம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"போகவா வேண்டாமான்னு இருக்குங்க," என்றாள் கணவரிடம். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன பேசணும்?"

"அந்த ராஜாவைப் பத்தி."

"வீட்ல ஓசியில பேசுற. அங்க மைக் குடுக்கறாங்க. போயிட்டு வாயேன்," என்றவர், குழாயை மூடிவிட்டு, "நான் கொண்டுபோய் விடறேன்," என்றார்.

வேனில் போய் இறங்கினாள். கூடத்து வாசலில் கறுப்பு அட்டைக் கவசம் மாட்டிய பையன்கள், காற்றுப்பெண் மாதிரி நீலத் துணி சுற்றிய பெண்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு இருக்கும். மேஜையில் இருந்த பெண் எழுந்து மரியாதையாக, "ஆன்ட்டி, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தவங்க உட்கார அந்தப் பக்கம் ரூம் இருக்கு. ஃபேன் போட்டிருக்கோம்," என்றாள்.

"நான் பேச வந்திருக்கேம்மா."

"எதைப் பத்தி ஆன்ட்டி?"

"பல்லைப் பத்தி."

அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் சலசலப்பு பரவியது. திரும்பி வந்தபோது அவளோடு பத்துப் பேர் வந்தார்கள். உள்ளே போனதும் முன்வரிசையில் ஒரு பையன் தன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். வேனிலேயே காத்திருக்கிறேன் என்றிருந்த கணவர் எப்போது வந்தாரோ, கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பல்லக்கா பையிலிருந்து இரண்டு அச்சுகளை எடுத்தாள். ஒன்று பல்லுள்ள வாய், ஒன்று இல்லாத வாய். பல் போனால் எலும்பு எப்படித் தேய்கிறது, உதட்டுக்குப் பின்னால் தாங்கல் போனால் முகம் எப்படி மடங்குகிறது என்று காட்டினாள். வேலையைப் பற்றிப் பேசும்போது அவளுக்குக் கூச்சம் வராது. இடையிடையே சிரிப்பு. திரையில் ராஜாவின் பதினோரு காட்சிகளும் ஒவ்வொன்றாக வந்தன. முடித்தபோது கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்போது பக்கவாட்டில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும், சாதாரணச் சுடிதார், வேஷம் எதுவும் இல்லை. "நான்தான் கறுப்புக் கவசம்," என்றாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நீங்க சொன்னது எனக்கும் பிடிச்சிருந்தது. அதனாலதான் மறுபடி பார்த்தேன். ரெண்டாவது சீசன், ஒன்பதாவது பாகம். போருக்குப் போனவனோட சின்னப் பொண்ணு ராஜாகிட்ட வந்து அழுவா. ராஜா பல்லைக் கழற்றிட்டு, 'உங்க அப்பா வருவார்'னு சொல்வார். அவர் வரமாட்டார். பன்னிரண்டாவது முறை அது. உங்க பட்டியல்ல இல்லையே?"

கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் பல்லக்காவைச் சுட்டது.

அந்தக் காட்சி அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்டியல் போட்டபோது அதை எழுதி, பிறகு அடித்துவிட்டாள். அதில் ராஜா முழுசாகக் கழற்றவில்லை, மேல்வரிசையை மட்டும்தான் எடுத்தார், இது கணக்கில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் அதையே சொல்லலாம். இத்தனை பேரும் ஒப்புக்கொள்வார்கள்.

"பார்த்தேம்மா," என்றாள். "தெரிஞ்சேதான் விட்டுட்டேன். அதைச் சேர்த்தா நான் சொன்னது நிக்காது. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை."

கறுப்புக் கவசம் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நிகழ்ச்சி நடத்தியவர்கள் அவசரமாக டீ இடைவேளை அறிவித்தார்கள்.

திரும்பும் வழியில் சிக்னலில் வேன் நின்றபோது கணவர், "பதில் இல்லைன்னு சொன்ன பாரு, அதை நான் எதிர்பார்க்கலை," என்றார்.

"அசிங்கமாப் போச்சுங்க."

"எனக்கு அப்படித் தெரியல," என்று கியர் மாற்றினார்.

இரண்டு நாள் அவள் போனைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மா கீழிருந்து கூப்பிட்டார். ஒரு வயதானவருக்குப் புது செட்டின் கடி சரியாக உட்காரவில்லை, நேரில் வந்து பார் என்றார். நாற்காலியில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர், கஞ்சிபோட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"பழசைக் கழற்றுங்க ஐயா, அளவு பார்க்கணும்," என்றாள் பல்லக்கா.

அவர் கழற்றவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்தம்மா சட்டென்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் வெளியில இருக்கேன். நான் இருந்தா கழற்ற மாட்டார். இருபது வருஷமா பல் செட்தான், அது இல்லாம இவர் முகம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கதவு சாத்திய பிறகுதான் அவர் கழற்றினார். கோர்ட்டில் அத்தனை பேரை அதட்டியிருக்கக்கூடிய முகம் ஒரே நொடியில் மடங்கிப்போனது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பல்லக்கா சீக்கிரமாக அளவைப் பார்த்து, புது செட்டில் தேய்க்க வேண்டிய இடத்தைத் தேய்த்து, "போட்டுக்கோங்க ஐயா, அழகா உட்காருது," என்றாள். போட்டுக்கொண்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது.

மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று மத்தியானம் சாப்பாட்டை மறந்து எழுதினாள்.

"ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு பதில் தோன்றுகிறது. நான் முதலில் எழுதியது தப்பு. பல்லைக் கழற்றினால் ராஜா சொல்வது பலிக்கும் என்று ஜோசியம்போல எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பெற்ற பிள்ளை முன்னால்கூடப் பல்லைக் கழற்ற மாட்டார்கள். அந்த முகத்தைக் காட்டுவது அவ்வளவு கஷ்டம். இந்த ராஜா எதிரியின் தூதனிடம் காட்டுகிறார். அழுகிற குழந்தையிடம் காட்டுகிறார். மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லப் போகும்போது எந்தத் தடுப்பும் வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வருவார் என்று அவர் நிஜமாகவே நம்பினார். நம்பியது பொய்த்துவிட்டது. பத்தாவது பாகத்தைப் பாருங்கள்: அவர் ஒளிந்துகொள்ளவில்லை. மறுபடி பல்லில்லாமல் அவள் வீட்டு வாசலுக்கே போய், ஒன்றும் பேசாமல் நிற்கிறார். கதவு திறக்கவில்லை. சாயங்காலம்வரை நிற்கிறார். சரியாகச் சொல்கிற ராஜாக்கள் கதைகளில் நிறைய உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டு அந்த வாசலில் போய் நிற்கிறவரை நான் இவரிடம்தான் பார்த்தேன். எனக்கு இவரைப் பிடித்திருப்பது இதனால்தான் என்று இப்போது தெரிகிறது. கேட்டவருக்கு நன்றி."

இந்த முறை முதல் பதில் கறுப்புக் கவசத்திடமிருந்து வந்தது. "அந்த வாசல் காட்சியை நான் வேகமாக ஓட்டிவிட்டிருந்தேன். இன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். அவர் பாரம் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் தளபதிதான் எனக்கு ஒசத்தி." பல்லக்கா சிரித்துக்கொண்டே, "அவன் பல்லும் வரிசையாத்தான் இருக்கு, பரவாயில்லை," என்று பதில் போட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கினார்கள். கறுப்புக் கவசம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவள் என்று தெரிந்தது. ராஜாவின் ஒன்றரைக் கண் பார்வையைப் பற்றி அவளுக்குத் தனியாக ஒரு கருத்து இருந்தது. ஐந்தாவது சீசன் வந்தபோது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாகம் முடிந்த கையோடு கூப்பிட்டுவிடுவாள். "பல்லக்கா, பார்த்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அந்தச் சீசனின் நடுவில் ராஜா பதவியை விட்டார். போர் இல்லை, சாவு இல்லை, பெரிய பேச்சும் இல்லை. ஒரு காலையில் கிரீடத்தை ஒரு வாத்தின் தலையில் வைத்துவிட்டு, ஆற்றங்கரைக்குப் போய், ஓடம் தள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ரசிகர் பக்கமே கொதித்தது. ராஜாவை ஏமாற்றிவிட்டார்கள், வீரமரணம் கொடுத்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பல்லக்குத்தூக்கி என்ன சொல்கிறார் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அவள் எழுதுவதற்கு முன்னால் கணவர் கேட்டுவிட்டார். அந்தப் பாகத்தை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தார், இப்போதெல்லாம் பார்க்கிறார்.

"ராஜாவா இருந்துட்டு ஓடம் தள்ளப் போயிட்டாரே. உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? தினமும் நூறு பேரை அக்கரை சேர்க்கிறாரு. யாரும் கும்பிட வேண்டியதில்ல. அவருக்கு அதுதான் பிடிச்சிருக்கு. மூஞ்சியைப் பாருங்க."

கணவர் திரையை உற்றுப் பார்த்தார். ஓடத்தில் கிழவர் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு அம்மாவும் இரண்டு ஆடுகளும்.

"சந்தோஷமாத்தான் இருக்காரு," என்றார் கணவர். "ஆனா துடுப்பைப் பிடிக்கிற விதம் தப்பு. இப்படிப் போட்டா தோள்பட்டை போயிடும்."

"அதை நீங்களே எழுதுங்க," என்று பல்லக்கா போனை அவர் கையில் கொடுத்தாள்.